டிஸ்கெட் அங்கிள் வீட்டில் எப்போதும் மார்ச் மாதம்

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் என் போனை வாங்கி வைத்துக்கொண்டு, படம் வெட்ட ஒன்று, மழை பார்க்க ஒன்று, மருந்து நேரம் சொல்ல ஒன்று என்று ஏதேதோ இறக்கிக் கொடுத்தீர்கள். எல்லாம் இலவசம் என்றீர்கள். "இந்த மாதிரி ஃப்ரீயா கெடச்சதுலயே உங்களுக்கு ரொம்பப் புடிச்சது எதுப்பா?" என்று சின்னவள் கேட்டாள். நான் சாப்பாட்டைப் பற்றி ஏதோ பேசித் தப்பித்துவிட்டேன். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பெயரை மட்டும் சொல்லப் போவதில்லை. கேட்டிருந்தால் அவரும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார்.

உங்கள் அம்மாவைக் கட்டுவதற்கு முன்னால், தொண்ணூறுகளின் நடுவில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய ஃபிளாட்டில் கூட்டாளிகளோடு வாடகைக்கு இருந்தேன். லோரி ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஸ்டோர் வேலை. எதிர்வீட்டில், ரயில்வே ஆபீஸில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரும் அவர் மனைவியும் குடியிருந்தார்கள். ஒரே மகன் ஆஸ்திரேலியாவில். அவன் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன கம்ப்யூட்டர் ஒன்று அவர்கள் ஹாலில் இருந்தது. அந்த வட்டாரத்தில் அவரை எல்லோரும் டிஸ்கெட் அங்கிள் என்றுதான் கூப்பிடுவார்கள்.

டிஸ்கெட்டை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். உள்ளங்கை அளவில் சதுரமான பிளாஸ்டிக் தகடு. இப்போது நீங்கள் எடுக்கும் ஒரு படம்கூட அதில் கொள்ளாது. ஆனால் அப்போது ஒரு முழு புரோகிராமே அதற்குள் அடங்கிவிடும். அங்கிளின் சட்டைப் பையில் எப்போதும் மூன்று நான்கு டிஸ்கெட் இருக்கும். துவைத்துத் தேய்த்த வெள்ளைச் சட்டை, பையில் மட்டும் சதுரமாக ஒரு புடைப்பு. யாராவது அவர் முன்னால் ஏதாவது ஒரு தொல்லையைப் பற்றிப் பேசிவிட்டால் போதும், கை பைக்குப் போய்விடும்.

"அதுக்கு ஒன்னு இருக்கு தம்பி."

என் கடையில் சாமான் பெட்டிகளுக்கு லேபிள் எழுதி எழுதிக் கை வலிக்கிறது என்று ஒருநாள் படியேறும்போது சொன்னேன். அன்று சாயந்திரமே லேபிள் அச்சடிக்கும் புரோகிராம் வந்துவிட்டது. வாழை இலைச் சாப்பாட்டுக்கடைக்காரருக்கு மெனு அடிக்க ஒன்று. சர்ச்சில் பாட்டு நோட்டீஸ் போட ஒன்று. கோயில் வாசலில் பூ விற்ற அக்காவுக்கும் ஒன்று கொடுத்தார். "எனக்குக் கம்ப்யூட்டரே இல்லியே அங்கிள்" என்று அந்த அக்கா சொன்னதற்கு, "வாங்குறப்ப ஆகும்மா, வச்சுக்க" என்றார். அந்த அக்கா பூக் கட்டும் நூலை அதில் சுற்றி வைத்துக்கொண்டார்.

இதில் மதமெல்லாம் அவர் பார்த்ததில்லை. ஞாயிறு தவறாமல் மெதடிஸ்ட் சர்ச்சுக்குப் போகிற மனிதர், கீழ்க்கடையில் உட்கார்ந்திருந்த ஜோசியருக்கு ஜாதகம் கணிக்கும் புரோகிராம் தேடிக் கொண்டுவந்தார்.

ஜோசியருக்கே கூச்சமாகிவிட்டது. "அங்கிள், நீங்க வேதக்காரரு. இதெல்லாம் குடுக்கலாமா?"

"நான் ஜாதகமா பாக்கிறேன் சாமி? கணக்குப் போடுற சாமானத்தானே குடுக்கிறேன். பாவ புண்ணியத்தை நீங்க பாத்துக்குங்க" என்றார் அங்கிள்.

எதற்கும் காசு வாங்க மாட்டார். ஒரு கோப்பிகூட வாங்கிக் குடிக்க மாட்டார். அதற்காக அவர் கொடுத்ததெல்லாம் நல்லதாகவே முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஒருமுறை அவர் கொடுத்த டிஸ்கெட்டை எங்கள் கடையில் போட்ட மறுநாள், திரையிலிருந்த எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு கீழே விழ ஆரம்பித்தன. மரத்திலிருந்து இலை உதிர்வதைப் போல விழுந்து அடியில் குவிந்தன. எங்கள் முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். நான் ஓடிப்போய் அங்கிளைக் கூட்டிவந்தேன். அவர் திரையைக் கொஞ்ச நேரம் ரசித்துப் பார்த்தார்.

"வைரஸ்" என்றார். "கவலப்படாதீங்க, அதுக்கும் ஒன்னு இருக்கு."

"நோயும் நீங்கதான் குடுக்கிறீங்க, மருந்தும் நீங்கதான் குடுக்கிறீங்க. எங்க போய் முட்டிக்கிறது அங்கிள்?" என்றார் முதலாளி.

"மருந்து ஃப்ரீதானே பாஸ்" என்றார் அங்கிள். அன்று எல்லோரும் சிரித்தோம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருந்தார். திருட்டு டிஸ்க்கைத் தொட மாட்டார். அப்போது இம்பி பக்கம் கம்ப்யூட்டர் கடைகளுக்குப் போனால் பெரிய பெரிய புரோகிராமெல்லாம் கள்ளத்தனமாக மலிவாகக் கிடைக்கும். பாதி ஊர் அதைத்தான் வாங்கியது. அங்கிள் வாங்க மாட்டார். வெளியூர் கம்ப்யூட்டர் பத்திரிகைகளோடு ஒட்டி வரும் டிஸ்கெட், செய்தவனே இலவசம் என்று எழுதிக் கொடுத்தது, இவைதான். ஆனால் அவற்றில் சில, ஒரு மாதத்துக்கு மட்டும்தான் இலவசம். அதற்குப் பிறகு காசு அனுப்பச் சொல்லிக் கேட்டுப் பூட்டிக்கொள்ளும். அதற்கு அங்கிளிடம் ஒரு வழி இருந்தது. மாதம் முடிவதற்குள் கம்ப்யூட்டரின் தேதியைப் பின்னால் திருப்பி வைத்துவிடுவார். அவர் முதன்முதலில் அப்படிச் செய்தது ஒரு மார்ச் மாதத்தில். அதனால் எப்போது திருப்பினாலும் மார்ச் முதல் தேதிக்கே திருப்புவார்.

"ஒரு மாசம் ஃப்ரீன்னு அவன்தான் எழுதியிருக்கான் தம்பி. நம்ம வீட்ல அந்த மாசம் முடியல, அவ்வளவுதான்லா."

"இதைக் கொஞ்சம் பாஸ்டர்கிட்ட சொல்லிப் பாருங்களேன்" என்று குசினியில் சமைத்துக்கொண்டே அவர் மனைவி, எங்களுக்கு ஆன்டி, குரல் கொடுப்பார்.

"பாஸ்டருக்கே போட்டுக் குடுத்தது யாரு? நான்தானே!"

வேலை முடிந்ததும் மறக்காமல் தேதியைச் சரியாக்கி வைப்பார். கடவுளுக்குப் பயந்தவர் அல்லவா. ஒரு பொய்யை இரவு முழுதும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று சொல்வார்.

ஆன்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். படிப்பென்றால் உயிர். வாராந்திரத் தமிழ்ப் பத்திரிகையில் வரும் கதைகளை ஒன்று விடாமல் படித்துவிட்டு, எங்களைப் போன்ற பயல்களையும் நிறுத்தி வைத்துக் கதை சொல்வார். நல்ல உயரம், கணீரென்ற பேச்சு, இனிப்பு நீர் வியாதி. அந்த வியாதி அவருடைய இடது கண்ணை முன்பே எடுத்துக்கொண்டது. நான் குடிவந்த சமயத்தில் வலது கண்ணும் மங்க ஆரம்பித்திருந்தது.

எங்கள் பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றவர்கள் அதிகம். அவர்களுக்கான சங்கமும் தொழில்பள்ளியும் அங்கேதான். காலையிலும் மாலையிலும் வெள்ளைக் குச்சி தரையில் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம் கேட்டால் அங்கிள் எழுந்து போய்ச் சன்னலைச் சாத்துவார். "ஏங்க, புழுங்குது" என்பார் ஆன்டி. "தூசு வருதும்மா" என்பார் இவர். எதற்காகச் சாத்துகிறார் என்பது ஆன்டிக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்தக் கண்ணுக்காகத்தான் அங்கிள் எழுத்தைப் பெருக்கிக் காட்டும் ஒரு புரோகிராமைத் தேடிப் பிடித்தார். திரையில் இருப்பதை ஒரு பூதக்கண்ணாடி வைத்த மாதிரி ஊதிக் காட்டும். தமிழ் எழுத்து அடிக்கும் இலவசப் புரோகிராம் ஒன்று ஏற்கெனவே அவரிடம் இருந்தது. இரண்டையும் சேர்த்தார். பத்திரிகையில் வரும் கதையை மத்தியானமெல்லாம் உட்கார்ந்து, இரண்டே விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி ஏற்றுவார். பிறகு ஆன்டி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரையில் படிப்பார். முதலில் ஒரு வரிக்கு நான்கு சொல் தெரிந்தது. சில மாதங்களில் இரண்டு சொல்லாகப் பெருக்க வேண்டியிருந்தது. "அவன் வந்தான்" என்பதே திரை முழுக்க நிற்கும். ஆனாலும் ஆன்டி வில்லன்களைத் திட்டிக்கொண்டே படிப்பார்.

எனக்குப் பிடித்த புரோகிராம் எது என்று கேட்டாய் அல்லவா, சின்னவளே. அதுதான். ஒரு மனுஷி சிரித்துக்கொண்டே படிக்க அது வழி செய்ததை என் கண்ணால் பார்த்தேன். ஆனால் அதுவும் ஒரு மாதத்துக்கு மட்டுமே இலவசமாகக் கிடைத்த சாமான்.

ஒருநாள் காலை, அங்கிள் தேதியைத் திருப்பாமல் பாசாருக்குப் போய்விட்டார். ஆன்டி முதல்நாள் விட்ட இடத்திலிருந்து படிக்கலாம் என்று கம்ப்யூட்டரைத் திறந்திருக்கிறார். புரோகிராம் பூட்டிக்கொண்டது. தவணை முடிந்தது என்று பொடி எழுத்தில் ஒரு சாம்பல் பெட்டி மட்டும் வந்து நின்றது. அந்தப் பொடி எழுத்து ஆன்டிக்கு எங்கே தெரியும்? அவருக்குத் தெரிந்ததெல்லாம் வெறும் சாம்பல். அங்கிள் மீன் பையோடு உள்ளே வந்தபோது ஆன்டி திரைக்கு முன்னால் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

"எனக்குப் போயிருச்சுங்க" என்றாராம்.

அதை அங்கிள்தான் என்னிடம் சொன்னார். "சுவரு தெரியுதா, என் கை தெரியுதான்னு கேட்டுக் கேட்டுத்தான் தம்பி நம்ப வச்சேன். காலைல இருந்து அப்படியே உக்காந்திருக்கா." அன்றோடு தேதியைச் சரியாக்கும் வழக்கத்தை விட்டார். ஆன்டி எந்த நேரத்தில் வந்து உட்கார்ந்தாலும் எழுத்து வர வேண்டும். மார்ச் முடியப் போகும்போது திரும்பவும் முதல் தேதி. அந்தக் கம்ப்யூட்டர் மார்ச் மாதத்தைவிட்டு வெளியே வரவே இல்லை.

ஒன்றை அவர் யோசிக்கவில்லை. நானும்தான் யோசிக்கவில்லை. நாள் ஞாபகப்படுத்தும் புரோகிராமும் அதே கம்ப்யூட்டரில்தான் இருந்தது. பிறந்தநாள், சர்ச் கூட்டம், எல்லாம் அதில் போட்டு வைத்திருந்தார். அந்த நாள் வந்தால் மணியடிக்கும். ஆன்டியின் வலது கண்ணுக்கு லேசர் போட ஆஸ்பத்திரியில் கொடுத்த ஜூன் மாதத் தேதியும் அதில்தான் இருந்தது. அதற்கு முன்பு சுவரில் மளிகைக்கடைச் சீனர் கொடுத்த, குதிரைப் பந்தய நாள் குறித்த காலண்டர் தொங்கியது. பெரிய பெரிய எண் போட்டது. ஆன்டி அதில் மூக்கு முட்டும்படி நின்று தேதி பார்ப்பதைச் சகிக்க முடியாமல் அங்கிள்தான் கழற்றி வைத்தார். "நீ ஏம்மா சுவத்துல போய் முட்டுற? அதுவே கூப்பிடும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் இரண்டு துரியான் வாங்கிக்கொண்டு போனேன். சாலையோரமெல்லாம் லோரியில் வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். அங்கிள் கத்தியால் பிளந்தார். வாசம் ஹாலை நிறைத்தது.

"ஒரே ஒரு சுளைதான். சீனி ஏறிடும்" என்றார் அங்கிள்.

"சரி, சரி. பெரிய சுளையாக் குடுங்க." ஆன்டி வாங்கி வாயில் வைத்தார். மென்றுகொண்டே இருந்தவர் நிறுத்தினார். "ஏங்க, துரியான் வந்திருச்சா? அந்த டாக்டர் பொண்ணு எனக்குத் தேதி குடுக்கிறப்போ, துரியான் வர்றதுக்குள்ள வந்துடுங்க ஆன்டின்னுதானே சிரிச்சா?"

"அதெல்லாம் போட்டு வச்சிருக்கேன்மா. இன்னும் மணியடிக்கலியே" என்றார் அங்கிள்.

சொல்லி முடித்தவர் கம்ப்யூட்டரைத் திரும்பிப் பார்த்தார். கையில் கத்தி அப்படியே இருந்தது. திரையின் மூலையில் மார்ச் என்று இருந்தது.

ஆன்டி, "என்னங்க, ஏன் பேச்சக் காணோம்?" என்று எங்கள் இரண்டு பேர் இருந்த பக்கமும் மாறி மாறி முகத்தைத் திருப்பினார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு நானும் கூடப் போனேன். ஆஸ்பத்திரி கவுன்டரில் இருந்த மலாய்த் தாதி கார்டைப் பார்த்துவிட்டு, "பாக்சிக், இது போன மாசம்லா" என்று, பெரியவர்களைக் கூப்பிடும் மலாய்ச் சொல்லோடு மெதுவாகத்தான் சொன்னார். அங்கிள் தலையாட்டினார். வேறு தேதி கேட்டோம். கூட்டம் அதிகம், கிடைத்தது இரண்டு வாரம் தள்ளி. அங்கிள் அந்தக் கார்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அரைமணிக்கு ஒருதரம் எடுத்துப் பார்த்தார். டிஸ்கெட்டையெல்லாம் எடுத்து வெளியே வைத்துவிட்டார்.

அந்தத் தேதி வருவதற்குள் ஒருநாள் காலை ஆன்டி, கண்ணுக்குள் கறுப்பு நூல் நூலாகத் தொங்குகிறது என்றார். சாயந்திரத்துக்குள் நூல் திரையாகிவிட்டது. உள்ளே ரத்தம் கசிந்துவிட்டது என்றார் டாக்டர். பிறகு செய்யக்கூடியதெல்லாம் செய்தார்கள். பார்வை திரும்பவில்லை.

அங்கிள் டாக்டரிடம் கேட்டது ஒரே கேள்விதான். "அன்னைக்கே கூட்டியாந்திருந்தா?"

அந்த டாக்டர் பெண் கார்டைத் திருப்பிப் பார்த்தார். "தெரியல அங்கிள். காப்பாத்தியிருக்கலாம். இல்ல, அப்பவும் போயிருக்கலாம். நான் எப்படிச் சொல்றது?"

குற்றம் உன்னுடையதுதான் என்று சொல்லியிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார் என்று எனக்குத் தோன்றும். இது அப்படியும் இல்லை, இப்படியும் இல்லை. ஆன்டி திட்டுவார் என்று பல நாள் காத்திருந்தார். ஆன்டி திட்டவில்லை. "சோறு ஆறுது, வந்து சாப்பிடுங்க" என்பார். அவ்வளவுதான். ஊரில் யாரும் குறை சொல்லவில்லை. எல்லோரும் வந்து, பாவம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகும் அவர் தேடுவதை விடவில்லை. எழுத்தை வாய்விட்டுப் படிக்கும் புரோகிராம் ஒன்றைக் கொண்டுவந்தார். இது முழுக்க முழுக்க இலவசம், தவணை கிடையாது என்று இரண்டு தடவை என்னிடம் சொன்னார். ஆனால் அதற்கு இங்கிலீஷ்தான் வரும். கதையை இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக அடித்துக் கொடுத்துப் பார்த்தார். பெட்டி ஏதோ உறுமியது.

"யாருங்க இந்த ஆளு? தொண்டைல மீன் முள்ளு மாட்டிக்கிட்ட மாதிரி பேசுறான்" என்றார் ஆன்டி.

"கொஞ்சம் பொறும்மா. எழுத்த மாத்திப் போட்டா சரியா வரும்." போட்டார். வரவில்லை. மறுபடியும் போட்டார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவருக்கு உதவ எனக்கு ஒன்றும் தெரியாது. லேபிள் அடிக்கத்தான் தெரியும்.

கடைசியில் ஆன்டி, "அந்த ஆள விடுங்க. நீங்களே படிங்களேன்" என்றார்.

அங்கிள் பத்திரிகையை எடுத்து விரித்தார். ஆபீஸ் சுற்றறிக்கை வாசிப்பதைப் போலப் படித்தார். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல், வில்லனுக்கும் கதாநாயகிக்கும் ஒரே குரலில். ஆன்டி தலையை ஒருபக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வாரப் பகுதி முடிந்தது.

"படம் போட்டிருக்கானா?"

"போட்டிருக்கான்மா. ஒரு பொண்ணு நிக்கிறா."

"எப்படி நிக்கிறா?"

அங்கிள் படத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார். "சும்மா நிக்கிறா" என்றார்.

"என்ன கலர் சேலை?"

"கறுப்பு வெள்ளைப் படம்மா."

"அப்ப நீங்களா ஒரு கலர் சொல்லுங்க."

அங்கிள் என் முகத்தைப் பார்த்தார். எனக்குச் சேலையைப் பற்றி என்ன தெரியும்? "பச்சை" என்றார் கடைசியில்.

"எந்தப் பச்சை?"

அவர் எழுந்து அறைக்குள் போனார். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. ஆன்டியின் சேலை ஒன்றை எடுத்துவந்து அவர் மடியில் வைத்து, கையைப் பிடித்து அதன்மேல் வைத்தார். "இந்தப் பச்சை."

ஆன்டி விரலால் கரையைத் தடவித் தடவிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"உங்களுக்கு என்னைக்குத்தான் கலர் தெரிஞ்சிருக்கு? இது நம்ம பையன் பிறந்தப்போ எங்கம்மா எடுத்துக் குடுத்தது. நீலம்ல?"

நான் அந்தச் சேலையைப் பார்த்தேன். வெயில் அதன்மேல்தான் விழுந்துகொண்டிருந்தது. பச்சைதான். கொஞ்சம்கூடச் சந்தேகமில்லாத பச்சை.

அங்கிள் அதை எடுத்து மடித்தார். ஓரத்தோடு ஓரம் வைத்து, மெதுவாக மடித்தார்.

"ஆமாம்மா" என்றார். "நீலம்தான்."